குற்றாலத்து உரையாசிரியர்கள்

அருவிக்கு வந்தவன் குளித்துவிட்டுச் சும்மா போவதில்லை. ஓர் அபிப்பிராயத்தை விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறான். இதற்கு இலக்கணம் வகுப்பாரில்லாமையால் இந்நூல் எழுந்தது. நன்னூலார் உரையைக் காண்டிகை, விருத்தி என இரண்டாகப் பகுத்தார். அவர் சீசனில் குற்றாலம் வந்தவரல்லர் என்பது இதனால் பெறப்படும்.

காண்டிகையாவது சுருங்கச் சொல்வது. பாறையும் கைப்பிடிச் சுவரும் ஏடு. பைக் சாவி எழுத்தாணி. இவன் பெயர், ஓர் இதயம், அவள் பெயர், ஊர், வருஷம். பேரருவிப் பாறையில் செதுக்கியிருக்கும் லிங்கங்களும் காண்டிகையோ எனின், அன்று. அவற்றில் அம்பு பாய்ந்த இதயம் இல்லை.

விருத்தி ஈரத்தலையோடு பிறந்து, பிரானூர் பார்டரில் பரோட்டாவைச் சால்னாவில் முக்கும்போது முதிர்வது. 'எங்க காலத்துல விழுந்த தண்ணிக்கு இது கால்வாசி காணாதுவே' என்று தொடங்கும். எங்கே முடியும் என்பது இலை எடுக்க வருபவரைப் பொறுத்தது.

இவற்றில் அடங்காதது வினாவுரை. ஜூன் பிறந்ததும் தென்காசிக்காரர் ஒவ்வொருவரின் செல்போனிலும் இது வரும்: 'அண்ணாச்சி, தண்ணி விழுதா?' நலம் விசாரிப்பது இதற்குப் பிறகுதான், சமயத்தில் அதுவும் இல்லை. உறவினர் விடை மேகம், சாரல், செங்கோட்டைப் பக்கத்துக் காற்று எல்லாம் கலந்து வழவழவென்று இருக்கும். ரூம் வாடகைக்கு விடுபவர் விடையோ விகற்பமற்றது: 'நல்லா விழுது சார், வாங்க.' ஐந்தருவி மூன்றருவியாக நிற்கும் நாளிலும் அது பிறழாது. வெள்ளம் வந்து போலீஸ் விசிலடித்து எல்லோரையும் கரையேற்றும் நாளிலும் இதே விடைதான். அன்று அது பொய்யுமாகாது.

மானியவுரை அரிது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இம்மலையைப் பற்றித் தம் கருத்தைக் குறவஞ்சியாகப் பாடினார். மதுரை நாயக்க மன்னர் நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்று பெயர். இன்று அதே மலையைப் புகழ்பவருக்குப் பார்க்கிங் சீட்டு கொடுக்கிறார்கள்.

வெட்டுரைக்கு ஒருவரே சான்று, ரசிகமணி டி.கே.சி. வண்ணார்பேட்டையில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்திலும் பின்னர் குற்றாலத்து வீட்டிலும் கம்பனை அனுபவித்தவர், பிடிக்காத பாட்டு கம்பனுடையதே அல்ல என்று தள்ளினார், சில சொற்களைத் திருத்தவும் செய்தார். பண்டிதர்கள் கொதித்தார்கள். எனக்கு அவர் கட்சிதான். சாவியால் கீறுபவன் ஏட்டைப் படித்ததே இல்லை, இவர் வரிவரியாகப் படித்துவிட்டல்லவா கீறினார்.

மேற்கண்டவை எல்லாம் 'நான் வந்தேன், எனக்குத் தோன்றியது' என்பதில் அடங்கும். விலக்கு ஒன்று உண்டு. 1446இல் தென்காசிக் கோயிலைக் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன் அங்கே ஒரு பாட்டைக் கல்லில் வெட்டிவைத்தான்: பின்னாளில் இக்கோயிலுக்குக் குறை வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர் யாராயினும், உலகறிய அவர்களை நான் பணிகிறேன். தன்னைப் பற்றி எழுத எவ்வளவோ கல் இருந்தும், அவன் வரப்போகிறவனை விளித்து எழுதினான். இதைப் பதில்கோருரை என்க. இடிந்து மொட்டையாய் நின்ற கோபுரம் 1990இல் ஒன்பது நிலையோடு மறுபடி எழுந்தது. பதில் வர ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

புறனடை: உள்ளூர்க்காரர் உரை இவ்வகைகளுள் அடங்காது. அருவி எப்படி என்று கேட்டால் அவர் சொல்வது ஒரே சொல்: 'கூட்டம்.'