துணி போதவில்லை ஐயா!

அனுப்புநர்: செல்லூர்வாசி ஒருவன்.
பெறுநர்: மதுரை வெள்ளத்தைக் கவனிக்கும் துறைகள் அனைத்தும் (வாய்க்கால் யாருடையது என்று முடிவானபின் உரியவரிடம் சேர்க்கவும்).
பொருள்: நீண்டகால வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்குக் கூடுதல் துணி கோருதல் தொடர்பாக.

ஐயா,

2025 மே 31 அன்று முதல்வர் மதுரை வந்தபோது, பந்தல்குடி வாய்க்கால் ஓரமாகத் துணி கட்டி மறைத்த சாதனையை ஊரே பார்த்தது. எத்தனை வருஷம் தூர்வாரியும் போகாத சாக்கடையும் குப்பையும் ஒரே பகலில் காணாமல் போயின. அப்படியும் முதல்வர் நேரில் வந்து வாய்க்காலை எட்டிப் பார்த்துவிட்டார். அது துணியின் குற்றமல்ல.

இந்தத் தொழில்நுட்பத்தை வைகை முழுவதற்கும் விரிவாக்க வேண்டுகிறேன். ஆற்றின் நீளம் 258 கிலோமீட்டர்; இரு கரைக்கும் சேர்த்து டெண்டர் விடலாம். ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டி வைகை கடலைத் தொடுவது எப்போதாவதுதான் என்பதால் கடைசித் துண்டுத் துணி மிச்சம். 2017-ல் தண்ணீர் ஆவியாகாமலிருக்க வைகை அணையில் மிதக்கவிட்ட தெர்மாகோல் காற்றில் கரை ஒதுங்கியது. துணியைக் கம்பில் இறுக்கிக் கட்டுகிறோம். வளர்ச்சிதானே!

2024 அக்டோபர் 25 பிற்பகலில் பதினைந்தே நிமிஷத்தில் 4.5 செ.மீ. மழை கொட்டியது. செல்லூரிலும் கட்டபொம்மன் நகரிலும் வாய்க்கால் வீட்டுக்குள் வந்தது. உடனே செல்லூர் கண்மாயிலிருந்து வைகைக்குச் சிமென்ட் கால்வாய் கட்ட 11.9 கோடி ரூபாய் ஒதுக்கினீர்கள். நல்ல காரியம், இதில் கேலி இல்லை. ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. சென்னையில் கடல் ஏறியிருக்கும் நேரத்தில் அடையாற்று வெள்ளம் முகத்துவாரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். நமக்குக் கடல் இல்லை. ஆனால் அணை 69 அடியைத் தொட்டு, மூன்றாம் எச்சரிக்கை கொடுத்துத் திறந்தால், யானைக்கல் தரைப்பாலத்தை மூழ்கடித்துக்கொண்டு வைகையே கடலாக வந்து நிற்கும். அன்றைக்குக் கால்வாய்த் தண்ணீர் ஆற்றில் இறங்குமா, எங்கள் அடுப்படிக்குத் திரும்புமா?

முன்பு அந்தத் தண்ணீர் கண்மாய்களில் காத்திருந்தது. இப்போது தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில் மாநகராட்சி அலுவலகம். உலகனேரி கண்மாயில் உயர் நீதிமன்றக் கிளை. வெள்ளத்துக்கு மனு கொடுக்க ஒரு கண்மாய்க்குள் போக வேண்டும். மனு கிடப்பில் போனால் வழக்குப் போட இன்னொரு கண்மாய்க்குள் போக வேண்டும்.

திருவிளையாடல் கதையில் வரும் பாண்டியன் பாடு பரவாயில்லை. உடைந்த வைகைக் கரையை வீட்டுக்கு ஒரு பங்காக அளந்து கொடுத்தான். வந்திக் கிழவிக்கும் தன் பங்கு எதுவென்று தெரிந்திருந்தது. இப்போது கண்மாய் ஒரு துறை, வாய்க்கால் ஒரு துறை, மேலே போகும் பாலம் இன்னொரு துறை. அவளுக்காகப் பிட்டுக்கு மண் சுமந்த சிவன் முதுகில் விழுந்த பிரம்படி அன்று எல்லோர் முதுகிலும் விழுந்தது. ஆவணி தவறாமல் புட்டுத்தோப்பில் அதைத் திருவிழாவாகவே கொண்டாடுகிறோம். மழை அடிக்கும் அடி மட்டும் தாழ்வான தெருக்களோடு நின்றுவிடுகிறது.

ஆகவே ஐயா, துணி கட்டிய கம்புகள் கிடங்கில் இருந்தால் எடுத்து வாருங்கள். பழைய வருவாய் வரைபடத்தை விரித்து, செல்லூர் கண்மாயின் மறுகால் எவ்வளவு அகலம் போனதோ அவ்வளவுக்கும் அவற்றை எல்லையாக நடுங்கள். குறுக்கே இருப்பது அரசுக் கட்டடமானாலும் நோட்டீஸ் ஒட்டுங்கள். மிச்சமிருக்கும் கண்மாய்களில் இனி ஒரு செங்கல்கூட வைக்கவிடாதீர்கள். ஐப்பசி பிறப்பதற்குள் வேலையைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செல்லூர்வாசி.