கொதிப்பும் வடமும்

கேள்வி: அநியாயத்தைக் கண்டால் மனசு கொதிக்கிறது. கொதித்து என்ன பயன்?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: உலை கொதித்தால் போதுமா, அரிசியைப் போட வேண்டாமா? உங்களுக்குப் பக்கத்துக் கண்டதேவியையே பாருங்கள். அங்கே சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் தேருக்கு நான்கு வடம். சுற்றுவட்டார ஊர்த்தொகுதிகளான நான்கு ‘நாடு’களைச் சேர்ந்த நாட்டாருக்கு, நாட்டுக்கு ஒன்று. பட்டியல் சமூகத்தார் கை அதில் படக் கூடாது என்றார்கள். பட்டியல் சமூகத்தார் வீட்டுக்குள் குமுறிக்கொண்டு உட்காரவில்லை. மனுப் போட்டார்கள், வழக்காடினார்கள், ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். பல வருஷம் நின்றுகிடந்த தேர், 2024 ஜூன் 21 அன்று எல்லாச் சமூகத்தாரும் வடம் பிடிக்க ஓடியது. போலீஸ் காவலோடுதான். காவலே தேவைப்படாத தேரோட்டம்தான் முழு வெற்றி.

உங்கள் ஊர் டீக்கடையில், கோயிலில் பாகுபாடு உண்டா? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம். மனுவோடு போங்கள், கையெழுத்துப் போட நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.