ஸ்பானிய உலகில் உறிஞ்சுகுழல்: ஒரு பன்முக நோக்கு

ஆய்வுப் பொருள்: குளிர்பானத்தில் செருகி உறிஞ்சும் குழல், அதாவது ஸ்ட்ரா. ஆய்வு எல்லை: ஸ்பானியம் ஆட்சிமொழியாக உள்ள 20 நாடுகளும், புவேர்த்தோ ரீக்கோவும். ஆய்வின் தேவை: இப்படி ஓர் ஆய்வு வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதே. கருதுகோள், முடிவு தெரிந்தபின் இங்கே சேர்க்கப்படும்; துறை வழக்கம் அதுதான்.

ஸ்பானியம் கற்கத் தொடங்கியவர் பொருளுக்கு ஒரு சொல் என்று பாடநூலை உருப்போடுகிறார். விமானம் ஏறுகிறார். இறங்கிய ஊரில் அந்தப் பொருளுக்கு வேறு சொல். அந்தச் சொல்லுக்கோ வேறு பொருள். இவ்விரண்டையும் திரிசொல்லின் இரு வகைகளாகத் தொல்காப்பியர் முன்பே வகுத்துவிட்டபடியால், ஸ்பானியர்கள் இதில் புதிதாகச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. ஆயினும் பெருந்தன்மை கருதித் தொடர்வோம்.

முதலில் சில்லறை வகைமைகள்.

உருளைக்கிழங்கு: ஸ்பெயினில் பத்தாத்தா, அட்லாண்டிக்கைத் தாண்டினால் பாப்பா.

தொர்தியா: மாட்ரிடில் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட கனத்த அடை, மெக்சிகோவில் மக்காச்சோள ரொட்டி. இரண்டும் வட்டம்.

தீந்தோ: போகோத்தாவில் பால் விடாத காப்பி, மாட்ரிடில் சிவப்பு ஒயின். காலை எட்டு மணிக்குக் கேட்பவர், தாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்க.

கொஹேர்: ஸ்பெயினில் ‘எடு’, ‘பிடி’. அர்ஜென்டினாவில் பெரியவர்கள் முன் சொல்லத் தகாதது. இவ்வகைமை இத்துடன் முற்றிற்று.

குவாகுவா: கியூபாவிலும் கனேரித் தீவுகளிலும் பேருந்து. சிலியில் கைக்குழந்தை, இது கெச்சுவா மொழி தந்த சொல். எனவே ஹவானாக்காரர் ஒருவர் சிலியின் சாந்தியாகோ தெருவில் நின்று, ‘குவாகுவாவைத் தவறவிட்டுவிட்டேன், பரவாயில்லை, பின்னால் இன்னொன்று வரும்’ என்று சொல்வாராயின் கூட்டம் கூடிவிடும். (இக்காட்சி நிகழ்ந்ததற்குச் சான்று: இக்கட்டுரை, சென்ற வரி.)

இனி ஆய்வின் உயிர்நிலைக்கு வருவோம். இத்துறையைக் குழலியல் என்று வழங்கலாம் (சொல்லாக்கம்: இக்கட்டுரையாசிரியர், இதே வரி). குழலியலாருள் ஐந்து மரபினர் உளர்.

முதலாவது வைக்கோல் மரபு. ஸ்பெயினின் பஹீத்தா, குவாத்தமாலாவிலும் கோஸ்தா ரீக்காவிலும் வழங்கும் பஹீயா இரண்டும் வைக்கோல் என்னும் அடிச்சொல்லில் பிறந்தவை. இரண்டாவது நாணல் மரபு: பெருவின் கஞீத்தா, பனாமாவின் கரீசோ. மெக்சிகோவின் போப்போத்தே, ஸ்பானியர் கப்பல் வருமுன்பே அங்கிருந்த நாவாத் மொழியின் சொல். அதற்கும் அடிப்படைப் பொருள் புல்லின் தண்டுதான் என்பதால் அதையும் இங்கேயே உட்கார வைக்கலாம். மூன்றாவது உறிஞ்சல் மரபு: ஈக்வடாரிலும் அர்ஜென்டினாவிலும் சோர்பெத்தே, புவேர்த்தோ ரீக்கோவில் சோர்பெத்தோ, கியூபாவில் அப்சோர்பென்தே. நான்காவது விசில் மரபு: கொலம்பியாவிலும் வெனிசுலாவிலும் பித்தியோ. ஐந்தாவது பம்பு மரபு: சிலியிலும் பொலிவியாவிலும் பொம்பியா.

டொமினிக்கன் குடியரசின் கலிமெத்தே எந்த மரபிலும் அடங்கவில்லை. கோட்பாட்டுக்கு ஒத்துவராத தரவை விதிவிலக்கு என்பது ஆய்வு மரபு. ஆகவே அது விதிவிலக்கு.

பழச்சாறுக் கடைக்கு வந்தால் இவ்வைந்து மரபும் படும் பாட்டைப் பார்க்கலாம். கொலம்பியச் சிறுவன் மாட்ரிடில் பித்தியோ கேட்டால், அவன் வயதுக்கு இது ஆகாது என்பார்கள்; அங்கே அது சிகரெட். சிலிக்காரர் பொம்பியா கேட்டால் மின்சாதனக் கடைக்கு வழி காட்டுவார்கள். அங்கே அது மின்விளக்கு பல்பு. ஈக்வடார்க்காரர் சோர்பெத்தே கேட்டால் பழச்சாற்றை உறையவைத்த பனிக்கூழ் வரும். அதைச் சாப்பிட ஸ்ட்ரா உதவாது.

அர்ஜென்டினாவில் பொம்பியா என்றால் மாத்தே என்னும் இலைப்பானம் குடிக்கும் உலோகக் குழல். அடிமுனையில் இலைத்தூளைத் தடுக்கும் சல்லடை இருக்கும். ஒரே குடுவை, ஒரே குழல், நண்பர் வட்டம் முழுக்கச் சுற்றி வரும். குழலைப் பிடித்துக் கிளறுவது மரியாதையில்லை. வெந்நீர் ஊற்றித் தருபவரிடம் நன்றி சொன்னால் ‘எனக்குப் போதும்’ என்று பொருள்; அடுத்த சுற்றில் உங்களைத் தாண்டிப் போய்விடும். பாடநூலின் முதல் பாடமே நன்றி சொல்வது என்பதைக் கற்பவர் இங்கே நினைவுகூர்க.

மெக்சிகோவின் பெட்டிக்கடையில் வேறு காட்சி. கண்ணாடிப் புட்டிக்கு முன்பணம் உண்டு. புட்டியைக் கொடுத்தனுப்பக் கடைக்காரருக்கு மனம் வராது. சோடாவை பிளாஸ்டிக் பைக்குள் ஊற்றுகிறார், போப்போத்தேயைச் செருகுகிறார், பையின் வாயைக் குழலின் கழுத்தோடு சேர்த்துச் சுருட்டி முடிச்சுப் போடுகிறார். வாங்கியவர் பையைத் தொங்கவிட்டபடி உறிஞ்சிக்கொண்டே நடக்கிறார். குடித்து முடிக்கும்வரை எங்கும் கீழே வைக்க முடியாது. (இதன் மெய்யியல் உட்பொருளுக்குக் காண்க: இக்கட்டுரை, மேலே, முன்னிலைப் பதிப்பு, இக்கருத்தை மறுத்தவர்: இக்கட்டுரையாசிரியர், அன்று மாலை, மறுப்பை மறுத்தவர்: மேற்படியார், உணவுக்குப்பின், இருவரையும் நடுநின்று ஆராய்ந்து இருவருமே சிறந்த அறிஞர் எனக் கண்டவர்: மேற்படியார்.)

அற்றேல், ஒரு மொழிக்காரர் ஒரு குழலுக்கு இத்தனை பெயர் வைத்தது ஏன் எனின், கூறுதும். பட்டறையில் செய்த காகிதக் குழலுக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெறப்பட்ட ஆண்டு 1888. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் முன்பே லத்தீன் அமெரிக்க நாடுகளில் பெரும்பாலானவை ஸ்பெயினிடமிருந்து விடுபட்டுவிட்டன. கையும் தண்ணீரும் ரொட்டியும் கப்பலிலேயே பெயரோடு வந்திறங்கியவை. குழல் வந்தபோது பெயர் சொல்லி அனுப்ப மாட்ரிடில் ஆளில்லை. அவரவர் அவரவர்க்குத் தோன்றியதை வைத்தார்கள். கணினியிலும் இதே கதை: ஸ்பெயினில் ஓர்தெனதோர், மெக்சிகோவில் கொம்புத்தாதோரா.

மொழியைச் சுத்தம் செய்து, நிலைநிறுத்தி, பொலிவூட்டுவதற்கென்றே 1713இல் தொடங்கிய ஸ்பானிய ராஜ அகாதெமி இதில் என்ன செய்தது என்று கேட்கலாம். அங்கே இருக்கைகளுக்கு எழுத்துகளே பெயர்; ஒரே எழுத்தின் பெரிய வடிவத்துக்கு ஒருவர், சிறிய வடிவத்துக்கு இன்னொருவர் என்று அமர்வதும் உண்டு. அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. ‘சோலோ’ என்ற சொல் ‘தனியாக’ என்றும் பொருள்படும், ‘மட்டும்’ என்றும் பொருள்படும். ‘மட்டும்’ என்னும்போது முதல் ‘ஓ’வின் தலையில் சாய்வாக ஒரு சிறு கோடு போடுவது பழக்கம். 2010இல் அகாதெமி அந்தக் கோடு வேண்டாம் என்றது. நாவலாசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள், அகாதெமிக்குள்ளேயே இரண்டு அணி. 2023 மார்ச்சில், குழப்பம் வரும் என்று எழுதுபவர் கருதினால் போட்டுக்கொள்ளலாம் என்று விளக்கம் வந்தது. குழலுக்குப் பதினொரு பெயர் வைத்த கடைத்தெருவில் ஒரு சண்டையும் இல்லை. ஒரு கோட்டுக்குப் பதின்மூன்று ஆண்டு.

போகோத்தாவில் பிறந்த ருஃபீனோ ஹோசே குவேர்வோவை மட்டும் இங்கே வணங்க வேண்டும். சொற்கள் வாக்கியத்தில் எப்படிப் பொருந்துகின்றன என்பதற்கு ஓர் அகராதி தொடங்கினார். முதல் தொகுதி 1886, இரண்டாவது 1893. அகர வரிசையில் நான்காம் எழுத்தோடு அவர் காலம் முடிந்தது. மீதியை அவர் பெயரும் தாங்கிய நிறுவனம் 1994இல் முடித்தது. முனைவர் பட்டத்துக்குக் கால நீட்டிப்புக் கேட்கும் மாணவர்கள் நெறியாளரிடம் இந்த ஆண்டுகளைக் காட்டலாம். குவேர்வோவின் உழைப்பைக் காட்டச் சொன்னால்தான் சங்கடம்.

இதற்குள் ஆய்வுப் பொருளுக்கே ஆபத்து வந்துவிட்டது. 2021 ஜனவரியில் மெக்சிகோ நகரமும், ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியமும் பிளாஸ்டிக் குழலைத் தடை செய்தன. காகிதக் குழல் பாதி பானத்திலேயே ஊறித் துவண்டுவிடுகிறது. ஆகவே கற்பவருக்குக் குழலியல் தரும் ஒரே பரிந்துரை: டம்ளரைத் தூக்கிக் குடியுங்கள். டம்ளருக்கு ஸ்பானியத்தில் வாசோ. மாட்ரிடிலும் வாசோ, மெக்சிகோவிலும் வாசோ, சிலியிலும் வாசோ. ஆய்வுக்கு லாயக்கில்லாத சொல். பேசுவதற்கு அதுவே போதும்.