வகுப்பறையில் கிரீன் டீ: சர்க்கரை வினா குறித்த ஓர் ஆய்வு

ஆய்வு நோக்கம்: கிரீன் டீயின் நற்பயன்களை மாணவர்க்குப் போதிக்கையில் நிகழ்வனவற்றை ஆராய்தல். ஆய்வு எல்லை: மதிய உணவு மணி அடிக்கும் வரை.

முன்னாய்வுகள்: ஜப்பானியத் துறவி ஐசாய் 1211இல் தேநீரின் உடல்நலப் பயன்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். வேதியியலாளர் மிச்சியோ சுஜிமுரா 1929இல் கிரீன் டீயிலிருந்து கேட்டசின் என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். இருவரும் தேயிலையைக் கண்ணால் கண்டவர்கள். பின்வந்தோர் பலர் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டியே துறையை வளர்த்தனர். தாகமெடுத்தால் காபி குடித்தனர்.

மாணவர் வகை: குறிப்பெடுப்போர், தூங்குவோர். மூன்றாம் வகை தென்படவில்லை.

சர்க்கரை வினா: ஆசிரியர் கரும்பலகையில் ‘ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி’ என்று எழுதி முடிக்குமுன்னே, “சார், சக்கரை போட்டுக்கலாமா?” என்ற குரல் எழும். இதற்கு முன்பெஞ்சு மரபினர் ‘கூடாது’ என ஒரு சொல்லில் உரை எழுதுவர். நடுப்பெஞ்சினர் தேன் என்று சமரசம் காண்பர். கடைசிப்பெஞ்சு மரபினரோ பால், சர்க்கரை, இஞ்சி, ஏலம், உடன் இரண்டு வடை எனப் பேருரை விரிப்பர் (ஆதாரம்: பள்ளி எதிர்க் கடையின் கணக்கு நோட்டு, எண்ணெய்க் கறை படிந்த ஏடு, அதற்கு டீ மாஸ்டர் கண்ட உரை, அவ்வுரையை மறுத்துக் கல்லாவில் அமர்ந்தவர் வாய்மொழியாக அருளிய மறுப்புரை, அதன்மேல் சிவப்பு மையில் காணப்படும் ‘பழைய பாக்கி’ என்னும் குறிப்பு). அக்குறிப்பு பிற்கால இடைச்செருகல் என்பது நம் நெறியாளர் துணிபு. அவர் படித்தது தலைப்பை மட்டுமே. ஆயினும் கட்டுரையில் முதலில் வருவது அவர் பெயர்தான்.

வினாவின் வேர் நாக்கில் இல்லை, கெட்டிலில் இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க நீரூற்றினால் கேட்டசின் மிகுதியாக இறங்கிக் கசக்கும். 70 முதல் 80 டிகிரிச் சூடு போதும். இரண்டு மூன்று நிமிடத்தில் இலையை எடுத்துவிட வேண்டும். இதைச் செய்து காட்டினால் பாதி வகுப்பு சர்க்கரையை மறந்துவிடும். ஆனால் செய்முறை வகுப்புக்கு அடுப்பு வேண்டும்; அடுப்புக்கு அனுமதி வேண்டும்.

பயன்கள்: வகுப்பறைச் சுவரொட்டியில் காண்க. கிரீன் டீ இதய நோய் அபாயத்தைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்ய அனுமதி கேட்டபோது, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006இல் சான்று போதாதென்று மறுத்தது. சுவரொட்டிக்கு அச்செய்தி எட்டவில்லை.

பரிந்துரை: தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கும். வளரிளம் பருவத்தினருக்குப் பள்ளிகளில் வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். ஆகவே தலைமையாசிரியர்களே, தேநீர் வகுப்பையும் மாத்திரையையும் ஒரே வேளையில் வைக்காதீர்கள். மாத்திரை விழுங்கப் பச்சைத் தண்ணீர் கொடுங்கள்.