குதிரையேற்றம்: மின்சார கிடாருக்குப் புதுச்சேரி முறை

முதலில் நாள் குறியுங்கள். ஜூன் 20 இரவு உத்தமம். மறுநாள் இசைத் திருநாள். 1982-ல் பிரான்சில் தொடங்கி நம்மூரிலும் ஒட்டிக்கொண்ட பழக்கம். மூன்று மாதமாக ஒழுங்காக இருந்த கிடாரில் சுருதி சேரவில்லை என்பது, வாசிக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு பதினொரு மணிக்குத்தான் காதுக்கு எட்டும். பழியைத் தயங்காமல் பிரிட்ஜின் மேல் போடுங்கள். அது பேசாது.

பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள். தந்திகள் ஏறி உட்காரும் அந்த உலோகத் துண்டு கடைக்காரருக்கு பிரிட்ஜ். வீணைக்காரருக்குக் குதிரை. பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தாவைக் கேட்டால் 'ஷெவலே' என்பார். 'ஷெவால்' என்றால் குதிரை, அதிலிருந்து வந்த சொல். பிரெஞ்சுக்காரர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலின் இரு கரையும் ஒத்துப்போன விஷயங்கள் ரொம்பக் குறைவு, இது ஒன்று. குதிரைக்குப் பின்னால் தந்தி முனைகளைப் பிடித்திருப்பது டெயில்பீஸ். வீணையில் அந்த வேலையைச் செய்வதற்கு நாகபாசம் என்று பெயர். இந்திரஜித்தின் அஸ்திரத்தைத் தேடிப் பிடித்து அதற்குச் சூட்டியவர், ஒரு முறையாவது அதை நள்ளிரவில் அவிழ்த்துப் பார்த்தவராகத்தான் இருப்பார்.

கிப்சன் கம்பெனி, தந்தியைத் தாங்க, தந்திக்கு ஒன்றாக ஆறு சேணம் வைத்த இந்தக் குதிரையை 'டியூன்-ஓ-மேட்டிக்' என்ற பெயரில் லெஸ் பால் கஸ்டம் கிடாரில் ஏற்றியது 1954-ல். அதே ஆண்டு நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாவிடம் கொடுத்தார்கள். சட்டப்படி கைமாறி முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆயிற்று. சேணங்களைச் சரிசெய்யவும் அதே அளவு கால அவகாசம் வைத்துக்கொள்வது நல்லது.

இனி வேலை. ஆறு தந்திகளையும் ஒரே மூச்சில் கழற்றுங்கள். டெயில்பீஸை ஏதோ திருகு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்றுதானே நினைத்தீர்கள்? அதை இடத்தில் நிறுத்தியிருந்தது தந்திகளின் இழுப்பு மட்டுமே. எங்கள் வீட்டில் அது முதலில் கிடாரின் வயிற்றில் ஒரு கோடு போட்டு, பிறகு சிவப்பு சிமென்ட் தரையில் விழுந்தது. "இந்நேரத்துல எவன்டா தேங்கா ஒடைக்கிறது?" என்றது ஆயா, உள்ளேயிருந்து. பயந்தவர்கள் தந்தியை ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். அவர்கள் கிடாரில் கீறல் இருக்காது, சொல்வதற்குக் கதையும் இருக்காது.

அதே தந்திகளைத் திரும்ப மாட்டிவிட்டு உயரத்துக்கு வருவோம். குதிரையின் இரு கால்களிலும் விரலால் திருகும் வட்டுகள் உண்டு. தந்தியைத் தளர்த்திவிட்டுத் திருக வேண்டும் என்பது விதி. பன்னிரண்டாம் மெட்டுக்கு மேல் தடித்த தந்தி 2 மில்லிமீட்டர், மெல்லிய தந்தி ஒன்றரை என்பது பலரும் வைத்துக்கொள்ளும் அளவு. தம்பியின் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்து பாருங்கள். அதில் சுழி விளிம்பில் இருக்காது, உள்ளே தள்ளியிருக்கும். அதைக் கவனிக்காமல் அளந்தால், துணி காயப்போடும் கொடி மாதிரி தந்தி உயரத்தில் நிற்கும். கோபத்தில் அடியோடு இறக்கினால் மெட்டுகளில் உரசி, போத்தலில் மாட்டிய வண்டு போல் இரையும்.

அடுத்து சேணம். இதற்குத்தான் இரவு போகும். பன்னிரண்டாம் மெட்டின் நேர்மேலே தந்தியை இலேசாகத் தொட்டு ஒலித்தால் ஒரு சுரம். அதே இடத்தில் அழுத்தி ஒலித்தால் ஒரு சுரம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி கூடும். அதை ஈடுகட்டத்தான் சேணம் நகர்கிறது. அழுத்திய சுரம் கூடினால் சேணத்தைக் கழுத்திலிருந்து தள்ளுங்கள், குறைந்தால் கழுத்துப் பக்கம் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு முறையும் மறுபடி சுருதி கூட்டிவிட்டுக் கேளுங்கள். வீணைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். இருபத்துநான்கு மெட்டுகளையும் மெழுகில் உட்கார்த்தி மேளம் கட்ட அதற்கென்றே ஓர் ஆளைக் கூப்பிட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள்.

டெயில்பீஸை உடம்போடு ஒட்ட இறக்கினால் நாதம் நீளும் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்வார். இறக்கிப் பாருங்கள். தந்திகள் குதிரையின் பின்விளிம்பில் இடித்து வளையும், குதிரையை அழுத்தும். விளிம்பில் படாத அளவுக்குத் திரும்ப உயர்த்துங்கள். நண்பரிடம் சொல்ல வேண்டாம்.

இடையில் ஒன்று, இதில் கேலி இல்லை. டெயில்பீஸைத் தொட்டால் ஆம்ப்ளிஃபயரின் உறுமல் அடங்கும். அங்கிருந்து ஒரு எர்த் ஒயர் உள்ளே போகிறது. ஆனால் எர்த் இல்லாத பழைய பிளக்கில் செருகிவிட்டு, கையில் கிடாரோடு மைக்கில் உதடு வைத்தால் ஷாக் அடிக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டுப் பாடுங்கள்.

விடியற்காலை மூன்று மணிக்கு, ஒரு சேணம் தன் எல்லை வரை போன பிறகும் எனக்குச் சுருதி சேரவில்லை. விளக்கடியில் தந்தியை விரலால் உருவினேன். விரல் பழுப்பானது. எங்கள் வீட்டிலிருந்து கடல் மூன்று தெரு. உப்புக் காற்றிலும் என் வியர்வையிலும் துருவேறிய தந்தி ஒரே சீராக அதிராது. அதற்குக் குதிரை என்ன செய்யும்? இரவு முழுக்க இட்ட பழியை அது அமைதியாகச் சுமந்திருக்கிறது. காலையில் கடை திறந்ததும் ஒரு செட் தந்தி வாங்கினேன். மாட்டி, நீட்டி, சுருதி கூட்டி, சேணங்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். அரை மணி நேர வேலை.

ஆகவே தந்தியை முதலில் மாற்றுங்கள், குதிரையை அப்புறம் தொடுங்கள். வெட்டிப்போட்ட தந்தி நுனிகளைக் கூடத்தில் விட்டுவிடாதீர்கள். ஆயா வீட்டுக்குள் செருப்புப் போடுவதில்லை.