முயல்குட்டிக்கு நாலு வார்த்தை

வாப்பா, வா. அடுக்கி வெச்ச ஓக் மரத்தை ஒத்தைக் கண்ணை மூடிப் பாத்துட்டு, "ஒண்ணுகூட நேரா இல்லையே பெரியவரே"ன்னு சலிச்சுக்கிட்டியாமே? நல்ல கண்ணு உனக்கு. வந்த முதல் நாளே கடவுளோட கைவேலையில குத்தம் கண்டுபிடிச்ச பிள்ளை பிரான்ஸ்ல எங்க ஆஞ்சூ சீமையில நீ ஒருத்தன்தான்.

கோவிச்சுக்காதே. அந்தக் காலத்துத் தச்சர் கூட்டத்துல புதுப் பையனுக்கு முயல்னு பேரு. கொஞ்சம் தேறினா நரி. ஊர் ஊராப் போய் வேலை கத்து, கூட்டத்துல முழுசாச் சேந்துட்டா நாய். சம்பளம் கொடுக்கிற முதலாளி குரங்கு. அவரு காதுல விழாமப் பாத்துக்கோ, சனிக்கிழமை கூலி வாங்கணும்ல?

வேலை ஒண்ணும் பெருசில்லை. தரையைப் பெருக்கு. கூரையை அதுமேல முழு அளவுல கோடு கோடா வரை. உன் கம்ப்யூட்டர்ல விரலால சுருக்கிக்கிறயே, அது இங்க நடக்காது. பத்து மீட்டர் கூரைக்குப் பத்து மீட்டர் கோடுதான். நூலடிச்சு, காம்பஸ் சுத்தி முடிக்கிறதுக்குள்ள முழங்கால் தேஞ்சிரும். அப்புறம் கோட்டுக்கு மேல மரத்தை முட்டுக் கொடுத்துத் தூக்கி வெச்சு, தூக்குக்குண்டைத் தொங்கவிடு. கீழ கோடு நேரா இருக்கும், மேல மரம் கோணலா இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல குண்டு பஞ்சாயத்து பண்ணும். அது காட்டுற இடத்துல குறி போட்டு வெட்டு. மரத்தை நேராக்கணும்னு யாரும் உன்னைக் கேக்கலை.

இப்படி வெட்டினா இந்த மரத்தோட நாக்கு அந்த மரத்தோட துளைக்கு மட்டும்தான் பொருந்தும். அதனாலதான் ஒவ்வொரு துண்டுலயும் உளியால ரோமன் எண்ணைக் கொத்தறோம். நாலுக்கு நாலு கோடு, அழகு பாக்காதே. எண்ணு ஒழுங்கா இருந்தா வீட்டையே கழட்டி வேற ஊர்ல மாட்டலாம். அல்சாஸ்ல உங்கர்ஷைம் பக்கம் அப்படிக் கொண்டுவந்து நிறுத்தின பழைய வீடுகளை வெச்சு 1984-ல ஒரு அருங்காட்சியகமே திறந்துட்டாங்க. எண்ணைக் கொத்த மறந்தியோ, கூரை ஏத்துற அன்னிக்கு ஊரே கீழ நின்னு இலவசமா நாடகம் பாக்கும்.

இந்தத் தரைக் கோட்டு வித்தைக்குத்தான் 'த்ரே'ன்னு பேரு. கல்தச்சனும் மரத்தச்சனும் தலைமுறை தலைமுறையா இப்படித்தான் வரைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. 18-ஆம் நூற்றாண்டுக் கடைசியில காஸ்பார் மோஞ்ச் அதை ஒழுங்குபடுத்தி, கணிதத்துல ஒரு துறையாவே ஆக்கினாரு. பேரு அவருக்கு, முழங்கால் வலி நமக்கு. 2009-ல யுனெஸ்கோ நம்ம த்ரேயை மனுசகுலத்தோட மரபுச் சொத்துன்னு பட்டியல்ல போட்டுச்சு. ரொம்ப சந்தோசம். அதுக்காகக் குரங்கு கூலியை ஏத்தலை.

அப்புறம் 2019 ஏப்ரல் 15. பாரிஸ் நோத்ர தாம் தேவாலயக் கூரை எரிஞ்சுது. 'காடு'ன்னே பேரு வாங்கின கூரை அது, 13-ஆம் நூற்றாண்டு வேலை. மறுநாளே நாடு முழுக்க எல்லாரும் தச்சனாயிட்டாங்க. ஒருத்தர் இரும்புங்கறார், ஒருத்தர் கண்ணாடிங்கறார், இன்னொருத்தர் மேல தோட்டம் போடலாங்கறார். மரமே வேணும்னவங்களைப் பாத்து, "அவ்ளோ பெரிய மரம் ஏது? காய்றதுக்கே பல வருசம் ஆகுமே!"ன்னாங்க. அந்தப் பழைய கூரையில இருந்தது பெரும்பாலும் மெலிஞ்ச இளமரம், அதுவும் வெட்டின சூட்டோட பச்சையாவே செதுக்கினது. கேட்டிருந்தா சொல்லியிருப்போம்.

நல்லவேளையா 2014-லேயே ரெண்டு கட்டடக் கலைஞர்கள் மேல ஏறி அந்தக் கூரையை அளந்து வெச்சிருந்தாங்க. தூசி தின்னுக்கிட்டு அளந்தப்ப அவங்களைக் கண்டுக்க ஆளில்லை. 2020 செப்டம்பர்ல தச்சர்கள் பழைய முறையில செஞ்ச ஒரு கூரைச் சட்டத்தைக் கோயில் வாசல்லயே கயித்தால இழுத்து நிறுத்திக் காட்டினாங்க. குறை சொன்னவங்களுக்கு வாயடைச்சுப் போச்சு. திரும்பக் கட்டின கோபுரத்துக்கும் கூரைக்குமா சுமார் 2,000 ஓக் மரம். நடுக்கூடத்துக் கூரை மரத்தைக் கோடாலியாலதான் செதுக்கினாங்க. ரம்பம் நேராப் போய் நாரை அறுத்துரும், கோடாலி நார் போற வழியிலயே போகும். 2024 டிசம்பர்ல கோயில் திறந்துச்சு. இன்னிக்குச் சாயங்காலம் அந்தப் பக்கம் போய்ப் பாத்தா, 'நான் அப்பவே சொன்னேன்'ங்கற ஆள்தான் நிறைய.

பச்சை மரம் சும்மா இருக்காது, காயக் காய முறுக்கும். காஞ்ச மரமுளையை அடிச்சு வெச்சா மூட்டு நாளாக நாளாக இறுகும், சரி. குறுக்குச் சட்டத்துல கஞ்சத்தனம் பண்ணினா? நம்ம போஜே வட்டாரத்துலயே பாரு, முறுக்கின கோபுரம் எத்தனை இருக்கு! சிலதைத் தச்சனே வேணும்னு முறுக்கினான். சிலது அவன் கூலி வாங்கிட்டுப் போனப்புறம் தானா முறுக்கிக்கிச்சு. வடக்கே வெர்ஷன் ஊர்ல ஒரு கோபுரம் அப்படித்தான். அதுக்கு ஊர்க்காரங்க சொல்ற கதை என்ன தெரியுமா? ஒரு நாள் நெசமாவே கன்னிப்பொண்ணு ஒருத்தி கல்யாணத்துக்கு வந்தாளாம், ஆச்சரியத்துல கோபுரம் திரும்பிப் பாத்துச்சாம். இன்னொருத்தி வந்தா நேராயிருமாம். கணக்குத் தப்பினவன் தச்சன், பழி ஊர்ப் பொண்ணுங்க மேல!

உன் கூரைக்கும் அப்படி ஒரு கதையை இப்பவே யோசிச்சு வெச்சுக்கோ. யோசிச்சுக்கிட்டே நூலோட அந்த முனையைப் பிடி. அங்க இல்லை, முயலே. கோட்டு மேல.