சிங்கப்பூரில் 5, மீன்சுருட்டியில் 4

கே: சிங்கப்பூரிலிருந்து என் மகன் 5-ம் தேதி நள்ளிரவு 12.15-க்குப் பணம் அனுப்பினான். என் போனோ 4-ம் தேதி இரவு 9.45 என்கிறது. எது பொய்?
– ஒரு வாசகி, மீன்சுருட்டி

ப: இரண்டும் நிஜம்தானம்மா. அவன் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. பண வரவைப் பதிந்துவைக்கும் டேட்டாபேஸ் வயிற்றில் இருப்பதோ மூன்றாவது நேரம்: 4-ம் தேதி மாலை 4.15, யூடிசி என்கிற உலகப் பொதுநேரம். கேட்பவர் ஊருக்குத் தக்கபடி மாற்றிச் சொல்லும்.

போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸில் இப்படி நேரத்தைச் சேமிக்கும் வகைக்குப் பெயர் 'டைம்ஸ்டாம்ப் வித் டைம்ஸோன்'. பெயரில்தான் ஸோன் (நேர மண்டலம்), அனுப்பியது சிங்கப்பூரா சீர்காழியா என்று அது எழுதிவைப்பதே இல்லை. பெயரில் மீன் இருப்பதால் உங்கள் ஊரில் யாராவது மீனைச் சுருட்டுகிறார்களா என்ன!

நடந்து முடிந்ததற்கு இது போதும். வரப்போகிற முகூர்த்தத்துக்குப் போதாது; இடையில் ஊர்க் கடிகாரமே மாறிவிடலாம். இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் நம் நேரத்துக்குத் திரும்பியது. 1996 ஜூன் கல்யாணத்தை அந்தச் சித்திரையிலேயே யூடிசியில் குறித்திருந்தால், கொழும்பில் 9 மணித் தாலி 10 மணிக்குத்தான் ஏறியிருக்கும். இப்படி வரப்போகிற நேரங்களுக்கு உள்ளூர் மணியோடு 'ஆசியா/கொழும்பு' என்று மண்டலப் பெயரையும் தனியே எழுதிவைக்க வேண்டும். ஐயருக்கு யூடிசி தெரியாது.